உயிர்க்கு முதல் அறிவு



உணவு கொள்ளல், மூச்சுயிர்த்தல், கழிவகற்றல், வளர்தல், அசைதல், தூண்டலுக்குத் துலங்கல், இனம் பெருக்கல் எனும் ஏழு செயல்களும் உயிர் அனைத்திற்கும் பொது என்பது உயிரியல். இவற்றுள் துலங்கல் மரத்திற்கு உண்டோ என நெடுங்காலம் ஐயுறப்பட்டது.

தொல்காப்பிய மரபியலோ மரத்திற்கு ஓரறிவு தந்தது. அவ்வறிவு தொடுவுணர்வு. ஈரறிவு முதல் ஆறறிவு வரை ஏறும் உயிர்கள் யாவும் அதனைத் தாங்கியே ஏறுகின்றன. எனவே அது கடைநிலை அன்று, அடித்தளம்.

ஜகதீச சந்திர போஸ் (1858–1937) தொட்டாற்சுருங்கி முதலிய செடிகளின் மின்துலங்கலை அளந்து காட்டினார். ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010-இல் விலங்குயிர்களில் அழுத்தம் உணரும் பீசோ புரதங்களைக் கண்டறிந்தனர். தொடுவுணர்வு ஆய்வுக்காக அவர் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்புரதத்தின் உறவினம் செடியின் வேர்நுனியிலும் உண்டு. கடினமான இடத்தை வேர் துளைத்துச் செல்ல அது துணைபுரிகிறது.

எனினும் செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. தொடுதலை உணர்தல் வேறு, நோதல் வேறு. மரம் அழுகிறது என்று கவிஞர் பாடினால் அது கற்பனை; வேர் தொட்டறிகிறது என்று பாடினால் அது மெய். மரத்தின்பால் பரிவு பிறக்க அம்மெய்யே போதும். கண்ணீரைக் கடன் வாங்க வேண்டுவதில்லை.