யாருடைய நம்பரில் ஆடுகிறோம்?

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசணும்ப்பா, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லு" என்றார். என்னவோ பெரிய டெக்னிக்கல் லெக்சர் என்று பயந்து விடாதீர்கள். நான் பேசப் போவது ஒரு குழந்தைகள் படத்தைப் பற்றி. பின் வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. என் மகளோடு உட்கார்ந்து நாலு தடவை பார்த்த படம் அது. நாலாவது தடவை அவள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

படத்தின் பெயர் 'பாலரீனா'. பிரான்சும் கனடாவும் சேர்ந்து எடுத்து 2016-இல் வெளிவந்த அனிமேஷன் படம். அமெரிக்காவில் அடுத்த ஆண்டு 'லீப்' என்ற பெயரில் வந்தது. எரிக் சம்மர், எரிக் வாரின் என்ற இருவர் இயக்கியது. அதில் வரும் நடனங்களை அமைத்தவர்கள் பாரிஸ் ஒப்பேராவின் முதல்தர நடனக் கலைஞர்களான ஒரேலி டுபோன், ஜெரெமி பெலிங்கார் இருவரும். அதனால்தான் பொம்மைப் படமாக இருந்தாலும் கால் வைக்கிற முறையில் ஒரு நிஜம் இருக்கிறது.

கதை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பிரான்சில் பிரித்தானி என்ற கடலோரப் பிரதேசத்தில் ஓர் அநாதை இல்லம். அங்கே ஃபெலிசி என்று ஒரு சின்னப் பெண். அவளுக்கு பாலே ஆட வேண்டும் என்பது ஆசை. அவளுடைய சிநேகிதன் விக்டருக்கு எதையாவது புதிதாகக் கண்டுபிடித்துக் கொண்டே இருக்க வேண்டும் என்பது ஆசை. அதாவது நம்ம ஆள்! இருவரும் இல்லத்தை விட்டு ஓடி பாரிஸ் போகிறார்கள். விக்டர் போய்ச் சேருமிடம் கஸ்டாவ் ஈஃபெலின் பட்டறை. ஃபெலிசி போய் நிற்பது ஒப்பேரா மாளிகையின் வாசலில்.

இஞ்சினியர் என்றால் குற்றம் கண்டுபிடிக்காமல் இருக்க முடியுமா? படத்தில் ஈஃபெல் கோபுரம் பாதி எழும்பி நிற்கிறது. அதே சமயம் சுதந்திர தேவி சிலையும் பாரிசிலேயே நிற்கிறது. உண்மையில் அந்தச் சிலையைப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்து 1885-இல் கப்பலேற்றி விட்டார்கள். கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்ததே 1887 ஜனவரியில்தான். ஃபெலிசி ஆட ஆசைப்படும் 'நட்கிராக்கர்' பாலே முதன்முதலில் மேடையேறியது 1892-இல், அதுவும் ரஷ்யாவில். இதையெல்லாம் நான் சொன்னதும் என் மகள், "அப்பா, படத்தைப் பாக்க விடுங்க" என்றாள். நியாயம்தான்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒப்பேரா மாளிகையைக் கட்டிய சார்ல் கார்னியே என்ற கட்டடக் கலைஞர், 1887-இல் ஈஃபெல் கோபுரம் கட்டக் கூடாது என்று கையெழுத்திட்ட கலைஞர்களில் ஒருவர். கலைக்கும் இரும்புக்கும் அன்றைக்கே அப்படி ஒரு சண்டை. 25 லட்சம் ரிவெட்டுகள் அடித்து 1889-இல் கோபுரம் எழுந்தது, சண்டையும் ஓய்ந்தது. படத்தில் ஆடுகிற பெண்ணும் பட்டறைப் பையனும் கடைசி வரை கூட்டாளிகளாகவே இருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பேராவின் பள்ளியில் ஓர் அநாதைக்கு இடம் கிடைக்குமா? கிடைக்காது. கமீல் என்ற பணக்காரப் பெண்ணுக்கு வந்த அனுமதிக் கடிதம் ஃபெலிசியின் கையில் சிக்குகிறது. அதை எடுத்துக் கொண்டு, "நான்தான் கமீல்" என்று உள்ளே நுழைந்து விடுகிறாள். இந்த இடத்தில்தான் என் மகள் கேட்டாள்: "அப்பா, அது திருட்டுதானே? அப்புறம் ஏன் கடைசியில அவளே ஜெயிக்கிறா?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஏன் என்றால், நானும் ஒருமுறை அடுத்தவன் நம்பரில் நுழைந்தவன்தான்.

முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஓர் இரும்பு பிளேட்டைக் கையில் கொடுத்து, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்குக் கொண்டு வா என்பார்கள். எனக்குக் கை கொப்பளித்ததுதான் மிச்சம். ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணனிடம் அவர் போன வருஷம் செய்து வைத்திருந்த ஜாப் இருந்தது. கண்ணாடி மாதிரி ஃபினிஷ். அதை வாங்கி, அவருடைய ரோல் நம்பரை ராவி அழித்து, என் நம்பரைப் பஞ்ச் அடித்துச் சப்மிட் பண்ணி விட்டேன்.

எங்கள் ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் அந்தத் துண்டை வாங்கினார். கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். அவ்வளவுதான். நம்பர் இருந்த இடம் மட்டும் ஒரு நூல் பள்ளமாக இருந்தது அவர் விரலுக்குத் தெரிந்து விட்டது. எச்.ஓ.டி.யிடம் போகப் போகிறது, வீட்டுக்கு லெட்டர் போகப் போகிறது என்று எனக்குத் தொண்டை வறண்டு விட்டது. அவர் புதிதாக ஒரு பிளேட்டை எடுத்து, முதலில் என் நம்பரை அதில் பஞ்ச் அடித்தார். "தம்பி, நம்பர் உன்னுது. இனிமே வேலையும் உன்னுதா இருக்கட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா" என்றார்.

இரண்டு வாரம், தினம் சாயங்காலம். எப்படி நிற்பது, காலை எவ்வளவு அகட்டி வைப்பது, அரத்தைத் தள்ளும்போது அழுத்தி, இழுக்கும்போது லேசாக விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு ஒரு பைசா எக்ஸ்ட்ரா சம்பளம் அவருக்குக் கிடையாது. பத்தாவது நாளோ என்னவோ, மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. அன்றைக்குத்தான் நான் இஞ்சினியரிங் காலேஜில் சேர்ந்தேன் என்று சொல்வேன். அதற்கு முன்னால் சேர்ந்தது என் அப்பா.

படத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ஒடெட் என்று பெயர். ஒரு காலத்தில் பாலே ஆடியவர். இன்று காலைத் தாங்கித் தாங்கி நடந்து, தரை துடைத்துப் பிழைப்பவர். ஃபெலிசி வகுப்பில் கடைசி. ஆசை மலையளவு, ஆட்டம் கடுகளவு. மரத்தில் ஒரு மணியைக் கட்டி, அதை எட்டித் தொடும்வரை குதி என்று ஒடெட் பழக்குகிறார். இதற்கிடையில் பொய் வெளிப்பட்டு விடுகிறது. ஃபெலிசி தன் சொந்தப் பெயரில் போட்டியில் நிற்க வேண்டி வருகிறது. ஒருமுறை பயிற்சியில் அசட்டையாக இருந்து தோற்று, அநாதை இல்லத்துக்கே திரும்பிப் போகிறாள். பிறகு வந்து, ஒடெட்டோடு சேர்ந்து தரை துடைக்கிறாள். கடைசியில் அவளும் கமீலும் சரிசமமாக ஆடி நிற்கும்போது ஆசிரியர் மெரான்ட் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: ஏன் ஆடுகிறாய்? கமீல், அம்மா ஆடச் சொன்னார்கள் என்கிறாள். ஃபெலிசி, அது சிறு வயதிலிருந்தே என்னோடு இருக்கிறது, இன்று ஒடெட்டால் கைகூடியிருக்கிறது என்கிற பொருளில் சொல்கிறாள்.

தம்பி தங்கைகளே, கமீலைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. நம்மில் பாதிப் பேர் கமீல்தான். கவுன்சலிங் ஹாலில் அப்பா விரல் வைத்த கோடில் டிக் அடித்தவர்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நாலு வருஷம் முடிவதற்குள் அந்தக் கேள்விக்குச் சொந்தமாக ஒரு பதில் தேடிக் கொள்ளுங்கள்.

ஆசையும் பயிற்சியும் இருந்தால் போதும், எல்லாரும் மேடை ஏறலாம் என்று நான் கதை விட மாட்டேன். அதே ஒப்பேராவில் படித்த ஏழைச் சிறுமிகளைக் 'குட்டி எலிகள்' என்று கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருத்தி மேரி வான் கோதெம், ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். ஓவியர் டெகா 1881-இல் காட்சிக்கு வைத்த, பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிலைக்கு மாதிரியாக நின்றவள் அவள்தான். மறு வருஷமே, 1882-இல், ஒப்பேராவிலிருந்து நீக்கப்பட்டு விட்டாள். சிலையை உலகமே பார்க்கிறது. அவளுக்கு மேடை நிலைக்கவில்லை. ஃபெலிசிக்கு ஓர் ஒடெட் இருந்தார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே, முன்னாள் மாணவர்களாகிய நமக்கு ஒரு வேண்டுகோள். கட்டட நிதி கொடுங்கள், மிக்க மகிழ்ச்சி. அதோடு, அரியர் வைத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன், மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஒரு பொண்ணு, ஆளுக்கு ஒருத்தரை எடுத்துக் கொள்ளுங்கள். வாரம் ஒரு மணி நேரம் போனில் பேசினால்கூடப் போதும். ஜெயித்த கதை வேண்டாம். எங்கே தோற்றீர்கள், எப்படி நிமிர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள். இதற்காக வாசல் மேஜையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது.

என் மகளுக்கு நான் பிறகு சொன்ன பதிலையும் சொல்லி விடுகிறேன். "ஆமாம்மா, அது திருட்டுதான். அந்தக் கடிதத்தால அவ ஜெயிக்கலை. பிடிபட்ட பிறகு, சொந்தப் பேர்ல மறுபடி ஆடினா பாரு, அதனாலதான் ஜெயிச்சா." அவள் கொஞ்ச நேரம் யோசித்து விட்டு, "நீங்க பிடிபட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். பிடிபட்டேன் என்றேன்.

என்னைப் பிடித்தவர் இப்போது ஓய்வு பெற்று விட்டார். இன்று வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், அந்தப் பிளேட் இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது. அதில் இருப்பது என் நம்பர்தான்.