சிற்றுருவில் சயாம் இரயில் பாதை

போர்க்காலக் காட்சியொன்றைப் பலகையின்மேல் சிற்றுருவில் அமைப்பது நல்லதொரு கைவேலை. டாங்கியும் பீரங்கியும் இருந்தால்தான் போர்க்காட்சி என்பதில்லை. சயாம்–பர்மா இரயில் பாதையையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய இராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்த இப்பாதை, சுமார் 415 கிலோமீட்டர் நீளமுடையது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டனர்.

முதலில் அளவு. முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 175 சென்டிமீட்டர் உயர மனிதன் 5 சென்டிமீட்டர் ஆவான். ஒரு மீட்டர் தண்டவாள இடைவெளி ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் ஆகும். மண்வெட்டிக்கும் மரத்துக்கும் இதே கணக்குத்தான். கணக்குப் பிசகினால் காட்சி விளையாட்டுப் பொம்மையாகிவிடும்.

தரைக்குக் களிமண்ணுடன் மரத்தூள் கலந்து பிசையுங்கள். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். மேலே பசை தடவி, காய்ந்த தேயிலைச் சக்கையைத் தூவுங்கள். தண்டவாளக் கட்டைகளுக்கு மூங்கில் குச்சி போதும். வண்ணம் புதிதாய் மின்னக் கூடாது. செம்மண்ணை நீரில் கரைத்து, உருவங்களின் கால்களிலும் வேட்டி ஓரத்திலும் பூசுங்கள்.

கடையில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் போர்வீரர்களே இருப்பர். மண்கூடை சுமந்த தொழிலாளியை நாம்தாம் கம்பி வளைத்து, மண் பூசி உருவாக்க வேண்டும். உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் உண்டா? பெரியவர்களிடம் கேட்டு, அவர் பெயரைப் பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் அதைப் படித்து வளரட்டும்.