கை ஊன்றினால் கணக்கில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



போன கோடை விடுமுறைக்கு என் பேரன் சென்னையிலிருந்து எலவனாசூர்கோட்டைக்கு வந்தான். கையில் ஒரு ஸ்கேட்போர்டு. ஊர் சிமெண்ட் களத்தில் நெல் காயாத நேரமெல்லாம் அவன் ராஜ்ஜியம்தான். எம்பிக் குதித்துப் பலகையைக் காலால் சுண்டிவிட்டு, அது காற்றில் ஒருமுறை புரண்டு வந்ததும் அதன் மேலேயே இறங்க வேண்டும். 'கிக்ஃப்ளிப்' என்று பெயர். நான் செல்போனில் படம் பிடிக்கணும். நண்பர்களுக்குள் போட்டியாம், படத்தை அனுப்பினால் போதுமாம்.

விதியையும் அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்தான். இரண்டு காலும் பலகையில் இருக்கணும். கையோ காலோ தரையில் படக்கூடாது. இறங்கிய பிறகு தடுமாறாமல் உருண்டு போகணும்.

நாற்பதாவது தடவையோ என்னவோ, இறங்கிவிட்டான். "சூப்பர்ல, தாத்தா?" என்றான். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நாலு சக்கரமும் தரையில்தான். ஆனால் வலது கை விரல்கள் தரையில் ஊன்றி எழுந்திருக்கின்றன.

"இது செல்லாதுப்பா."

"கொஞ்சம்தானே தாத்தா, யாருக்குத் தெரியப்போவுது?"

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யூட்டோ ஹோரிகோமே கடைசி முயற்சியில் 97.08 புள்ளி வாங்கித் தங்கம் வென்றார். இரண்டாமவரோடு வித்தியாசம் வெறும் 0.10. சரியாக இறங்காத வித்தைக்கு அங்கே பூஜ்யம்தான். போட்டி மேடையில் எண்ணி ஐந்து முயற்சி. படம் பிடிப்பவனோ நூறு தடவை விழுந்துவிட்டு ஒன்றை மட்டும் காட்டலாம். அவ்வளவு சலுகை இருக்கும்போது அந்த ஒன்றாவது சுத்தமாக இருக்க வேண்டாமா?

பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலை அவனே வந்து, "இன்னொரு தடவை எடுங்க தாத்தா" என்றான். அன்று கை படாமல் இறங்கினான்.

ஆனால் அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது நீளம் தாண்டுதலில் முதல் பரிசு வாங்கினேன். என் கால் கோட்டைத் தாண்டிப் பட்டது எனக்குத் தெரியும். நடுவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. வெள்ளைக் கொடி உயர்ந்தது. நான் வாய் திறக்கவில்லை. அன்று இரண்டாவதாக வந்தவர் இதோ, இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். பதக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், நண்பரே. தாமதத்திற்கு மன்னித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, நடுவர் பார்க்காவிட்டாலும் கை ஊன்றியது ஊன்றியதுதான். விழுந்தால் வெட்கமில்லை; திரும்ப ஏறுங்கள்.