பெயரைக் கேட்டால் பொய் சொல்வதா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஏதோ இயந்திரம் படித்தவர்களுடைய விஷயம், நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் படிப்பே நமக்கு எதற்கு என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதை நம்பி நாம் அடைந்த கேடு கொஞ்சமல்ல. ஆதலால் சற்றுப் பொறுமையாய்க் கேட்க வேண்டுகிறோம்.

உங்கள் சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. ஒரு பத்திரிகையின் பெயரை அதில் தட்டுகிறீர்கள். பத்திரிகை வந்து நிற்கிறது. எப்படி வந்தது? இணையத்திலுள்ள இயந்திரங்கள் ஒன்றையொன்று எண்ணைக் கொண்டுதான் தேடும். நீங்கள் சொல்லும் பெயருக்கு எண் இன்னது என்று சொல்ல இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கர் இதை வகுத்தார். பெரும்பாலும் உங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் கம்பெனியே இந்த விலாசம் சொல்லும் வேலையையும் பார்க்கிறது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இடையில் ஓர் ஆள் நின்றால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. எழுதியிருப்பது இன்னதென்று நமக்குப் படிக்கத் தெரியாதவரை, இடையில் நின்றவன் சொன்னதே சாஸ்திரமாய் இருந்தது. இங்கும் அதே கதைதான். ஒரு செய்தியை மறைக்க விரும்பும் சர்க்கார், எங்கோ தூர தேசத்திலுள்ள இயந்திரத்தை நிறுத்த வேண்டியதில்லை. விலாசம் சொல்லுகிறவனுக்கு உத்தரவு போட்டால் போதும். நீங்கள் பெயரைக் கேட்டால் அவன் "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று பொய் சொல்லிவிடுவான். பத்திரிகை செத்துவிட்டதோ, நம் செல்போன்தான் கெட்டுவிட்டதோ என்று நீங்கள் பேசாமல் இருந்துவிடுவீர்கள்.

இது கற்பனையல்ல. 2014 மார்ச்சில் துருக்கி தேசத்தில் தேர்தல் சமயம். ஆட்சியிலிருந்தவர்கள் மீது லஞ்சப் புகார்கள்; ஒலிப்பதிவுகள் வெளியாகி ட்விட்டர் வழியே பரவின. பிரதம மந்திரி எர்டோகன் மார்ச் 20-ந் தேதி ஒரு கூட்டத்தில் ட்விட்டரை ஒழித்தே தீருவதாகப் பேசினார். அன்று இரவே தடை வந்தது. முதலில் செய்த தடை இந்தப் பொய் விலாசத் தடைதான். ஜனங்கள் சும்மா இருந்தார்களா? கூகிள் நடத்தும் வேறொரு விலாசம் சொல்லும் இடத்தின் எண்ணாகிய 8.8.8.8 என்பதைத் தெருச் சுவர்களில் எழுதி வைத்தார்கள்! பிறகு அந்நாட்டுக் கம்பெனிகள், கேள்வி கூகிளுக்குப் போய்ச் சேராமல் வழிமறித்து, கூகிளைப் போலவே வேஷம் போட்டுப் பதில் சொல்லின. மார்ச் 29-ல் கூகிளே இதை வெளியிட்டது. ஏப்ரல் 2-ந் தேதி அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட், ட்விட்டர் தடை பேச்சுரிமைக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகே, மறுநாள் தடை நீங்கிற்று.

சர்க்கார் மட்டுமல்ல, முதலாளியும் இதே வழியைத் தேடுகிறான். 2021-ல் சோனி பாட்டுக் கம்பெனி, ஜெர்மனியில் ஹாம்பர்க் கோர்ட்டுக்குப் போய், ஸ்விட்சர்லாந்தில் லாப நோக்கமின்றி நடக்கும் குவாட்நைன் என்னும் விலாசம் சொல்லும் ஸ்தாபனம் ஒரு பெயருக்குப் பதில் சொல்லக்கூடாது என்று உத்தரவு வாங்கிற்று. பாட்டைத் திருடியது குவாட்நைன் அல்ல. திருடினவனோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. 2023 டிசம்பரில் டிரெஸ்டன் மேல் கோர்ட்தான் குவாட்நைன் பொறுப்பாளியல்ல என்று தீர்த்தது.

நம் நாட்டு யோக்கியதை என்ன? 1933-ல் "குடி அரசு" தலையங்கத்திற்காகப் பெரியார் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். அது அடக்குமுறைதான். ஆனாலும் வழக்கு என்று ஒன்று இருந்தது. யார், எதற்காகத் தண்டித்தார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. இன்றோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஏ பிரிவின் கீழ் 2009-ல் செய்த விதிகளில் 16-வது விதி, தடை பற்றிய கோரிக்கையும் நடவடிக்கையும் கண்டிப்பாய் ரகசியமாயிருக்க வேண்டும் என்கிறது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவ்விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. தடுத்தவன் யார் என்றே தெரியாவிட்டால், யாரிடம் போய் நியாயம் கேட்பது?

"மோசடிக்காரன் பக்கத்தையும் குழந்தைகளைக் கெடுக்கும் பக்கத்தையும் தடுக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். தடுக்கலாம். அப்படி வடிகட்டிக் கொடுக்கும் விலாச ஸ்தாபனங்கள் இருக்கின்றன; வேண்டுமென்கிறவன் தானே தெரிந்தெடுத்து வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நம் வீட்டுக் கதவை நாம் தாழிடுவதும், அயலான் வந்து வெளியிலே பூட்டிவிட்டு "இங்கே கதவே இல்லை" என்பதும் ஒன்றாகுமா?

ஆகவே தோழர்களே! சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தடுக்கிறவன் பகிரங்கமாய்த் தடுக்கட்டும். இன்னாருடைய உத்தரவு, இன்ன சட்டம், இன்ன இடத்தில் அப்பீல் செய்துகொள் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். இருப்பதை இல்லை என்று சொல்வதை மட்டும் நாம் ஏற்க முடியாது. இல்லாததை இருக்கிறது என்று சொன்னவர்களை ஏன், எப்படி என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இருப்பதை இல்லை என்பவர்களையும் அப்படியே கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.