பழைய ஷீட்டை இறக்கும்போது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பேச வந்தது நம்ம தலைக்கு மேல இருக்கிற கூரையைப் பற்றி. சிமெண்ட் ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுன்னு சொல்றோமே, அதைப் பற்றி. தமிழில் கல்நார் என்பார்கள். பாறையிலிருந்து எடுக்கிற நார் அது. அதைச் சிமெண்டோடு கலந்துதான் ஷீட் செய்கிறார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடிச்சது நம்ம யாருக்கும் மறக்காது. தென்னை சாய்ந்து எத்தனை வீட்டு ஷீட் நொறுங்கிப் போச்சு! மறுநாள் நாம என்ன செய்தோம்? விளக்குமாறு எடுத்துக் கூட்டினோம். உடைந்த துண்டைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தோம். தெருப் பள்ளத்தில் கொட்டினோம். பாண்டி விளையாடக் கட்டம் போடணும்னு என் பொண்ணு கேட்டப்போ, ஒரு ஷீட் துண்டை நானே எடுத்துக் கொடுத்தேன். சாக்பீஸ் மாதிரி நல்லா எழுதும்ல. அது எழுதுறதே தூசி உதிர்ந்துதான் என்று அன்னைக்கு எனக்குத் தெரியாது.

அந்தத் தூசியில் இருக்கும் நார் தலைமுடியைவிட ரொம்ப ரொம்ப மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும், கரையாது. நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய் எல்லாம் இதனால் வரும். உடனே வராது. 20, 30, 40 வருஷம் கழித்துக்கூட வரும். பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நம்ம நாட்டில் வெளிநாட்டிலிருந்து வாங்கி இன்னும் ஷீட் செய்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். வெளிநாடுகளில் கல்நார் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் துணியை வீட்டில் உதறித் துவைத்த மனைவிமார்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. கூட்டுறதும் துவைக்கிறதும் சித்தாளாகச் சுமக்கிறதும் யாரு? நாமதானே! அதனால்தான் இதை இந்த மேடையில் சொல்றேன்.

யாரும் பயந்து போய் இன்றைக்கே கூரையைப் பிரிக்க வேண்டாம். ஷீட் உடையாமல், உதிராமல் நல்லா இருந்தால் நார் சிமெண்டுக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கும். அதை அப்படியே விடுங்க. துளை போடாதீங்க. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீங்க. உடைந்த துண்டை அடுப்புக்கு மறைப்பாக வைக்காதீங்க, சூடு பட்டால் வெடிக்கும்.

மாற்றித்தான் ஆகணும் என்றால் இப்படிச் செய்யுங்க.

முதலில் பிள்ளைகள், கர்ப்பிணிகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. பண்டபாத்திரத்தை வெளியே எடுத்து வைத்து, தரையில் கெட்டியான பிளாஸ்டிக் தாளை விரிக்கணும். ஷீட் மேல் யாரும் கால் வைக்கக்கூடாது, உடைந்து உள்ளே விழுந்துவிடுவார்கள். ஏணியில் நின்றபடியே, சோப்புத்தூள் கொஞ்சம் கலந்த தண்ணீரைப் பூவாளியால் மெதுவாக ஊற்றி நனைக்கணும். நனைந்தால் தூசி பறக்காது. துருப்பிடித்த போல்ட்டில் எண்ணெய் விட்டுக் கழற்றணும். வரவில்லையா, போல்ட்டைத்தான் அறுக்கணும், ஷீட்டை அறுக்கக்கூடாது. சுத்தியலால் அடிக்கவே கூடாது. முழு ஷீட்டாக இரண்டு பேர் பிடித்து இறக்கணும். மேலிருந்து தூக்கிப் போடக்கூடாது.

முந்தானையை மூக்கில் கட்டினால் போதாது, துணி மாஸ்க்கும் போதாது. குறைந்தது என்95 மாஸ்க் முகத்தோடு ஒட்டினாற்போல் போடணும். உதிர்ந்ததை விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்கணும். அந்தத் துணி, மாஸ்க், துண்டுகள், விரித்த தாள் எல்லாவற்றையும் நனைத்து, கெட்டி பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டணும். உரச்சாக்கு வேண்டாம், அதன் இடுக்கு வழியாகத் தூசி வரும். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, போட்டிருந்த துணியை உதறாமல் தனியாகத் துவைக்கணும்.

கட்டி வைத்த ஷீட்டைக் குளத்திலோ, வாய்க்காலிலோ, ரோட்டுப் பள்ளத்திலோ போடாதீங்க. ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்டால் ஊராட்சியில் பதில் வராமல் போகலாம். கூட்டமைப்பாக மனு கொடுத்தால் கேட்பார்கள். இப்படிப்பட்ட அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்கே சேர்க்க வழி செய்யச் சொல்லிக் கேட்போம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. வீட்டுப் பராமரிப்புக்குக் குழுவில் கடன் கேட்கும்போது, "எதுக்கு, எத்தனை தவணை?" என்று மட்டும் கேட்கிறோம். இனிமேல், "பழைய ஷீட்டை எப்படி இறக்கப் போறீங்க?" என்றும் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுவோம். மாஸ்க்குக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் ஆகும் பணத்தையும் கடனோடு சேர்த்தே கொடுப்போம். பெரிய தொகை இல்லை அது.

அந்தத் துண்டை என் பொண்ணு கையில் கொடுத்ததை என்னால் திரும்ப வாங்க முடியாது. உங்க பிள்ளைகள் கையில் அது போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.