பிள்ளைங்களோட ஸ்லைம் செய்வோம், வெண்காரம் இல்லாம

(அஞ்செட்டியில் நடந்த நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகவும் இருந்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க கடன், வட்டி, வங்கி இணைப்பு பத்திச் சொன்னாங்க. நான் பேசப் போறது ஸ்லைம் பத்தி. சில பேர் சிரிக்கிறீங்க. ஆனா வீட்டுல நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளை இருக்கிறவங்க சிரிக்கலை. அவங்களுக்குத் தெரியும். கையில எடுத்தா வழியும், இழுத்தா நீளும், உருட்டினா பந்தாகும், கடைசியில பாயிலயும் தலைமுடியிலயும் ஒட்டிக்கும். அதுதான் ஸ்லைம்.

இதைப் பேச ரெண்டு காரணம். ஒண்ணு, பிள்ளைங்க போன்ல வீடியோ பார்த்துட்டு, நாம வேலைக்குப் போன நேரத்துல தாங்களாவே இதைச் செய்ய ஆரம்பிச்சிருக்காங்க. அதுல என்ன சேர்க்கறாங்கன்னு நமக்குத் தெரியறதில்லை. இன்னொண்ணு, போன மாதக் கூட்டத்துல சில குழுக்கள், "இதை நாமே செஞ்சு டப்பாவுல போட்டு விக்கலாமா? குழுக் கடன் கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் இன்னிக்குப் பதில் சொல்றேன்.

முதல்ல, ஸ்லைம்னா என்ன? வழவழப்பு நமக்குப் புதுசு இல்லை. வெண்டைக்காயை நறுக்கினா கத்தியில வருதே, அது. தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையைக் கசக்கினா வருதே, அது. சப்ஜா விதையைத் தண்ணியில போட்டா ஒவ்வொரு விதையைச் சுத்தியும் ஒரு கூழ் நிக்குதே, அதுவும் தான். 1976இல் அமெரிக்காவில் மேட்டல் என்கிற பொம்மைக் கம்பெனி முதன்முதலாக ஸ்லைமைச் சின்னக் குப்பைத்தொட்டி மாதிரி டப்பாவில் அடைத்து விற்றது. அதுல கெட்டித்தன்மைக்குச் சேர்த்தது என்ன தெரியுமா? கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பிசின். நாம பொரியல் பண்ற அதே கொத்தவரங்காய். உலகத்திலேயே கொத்தவரை அதிகம் விளையறது நம்ம இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில்.

ஆனா அந்தப் பிசினோட இன்னொரு பொருளையும் சேர்த்தாங்க. அதுதான் வெண்காரம். இன்னிக்குப் பிள்ளைங்க செய்யற ஸ்லைமிலும் பெரும்பாலும் அதுதான். வெள்ளைப் பசையில வெண்காரத் தண்ணியை ஊத்திக் கலக்கினா ஸ்லைம் வந்துடும். பசைக்குள்ள நீள நீளமான நூல் மாதிரி இழைங்க இருக்குது. ஒண்ணோட ஒண்ணு வழுக்கிட்டு ஓடும், அதனால பசை வழியுது. வெண்காரம் போய் இழைக்கு இழை முடிச்சுப் போடுது. தனித்தனியா இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு குழுவான மாதிரி, அப்புறம் இழுத்தாலும் விட்டுப் போகாது.

வெண்காரத்தையும் படிகாரத்தையும் குழப்பிக்காதீங்க. படிகாரம் திருஷ்டிக்கு வாசலில் கட்டறது, சவரம் பண்ணின பிறகு தேய்க்கிறது. வெண்காரம் வேற. நகை ஆசாரி பத்தவைக்கும்போது போடறது. நாட்டு மருந்துக் கடையில கேட்டா குழந்தை கையிலயும் பொட்டலம் கட்டிக் கொடுத்துடுவாங்க. அதோட உறவுக்காரப் பொருள்தான் போரிக் பவுடர். கேரம் போர்டுல தூவறது, கரப்பான் பூச்சிக்கு வைக்கிறது. அதையும் பிள்ளைங்க ஸ்லைமுக்கு எடுக்கறாங்க.

இதுல என்ன கெடுதல்? கொஞ்ச நேரம் தொட்டவுடனே ஒண்ணும் ஆயிடாது. பயமுறுத்த நான் வரலை. ஆனா பிள்ளைங்க ஸ்லைமை மணிக்கணக்கா பிசையறாங்க, அதே கையோட முறுக்கு சாப்பிடறாங்க. கையில புண்ணு இருந்தா எரியும், தோல் சிவந்து உரியும். வயித்துக்குள்ள போனா வாந்தி, வயித்துப்போக்கு வரும். அளவு அதிகமானா இன்னும் மோசம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இதைப் பிள்ளைப்பேற்றுத் திறனைப் பாதிக்கக் கூடிய பொருள் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 2018இல் பிரிட்டனில் 'விச்?' என்கிற நுகர்வோர் அமைப்பு கடையில் விற்ற 11 ஸ்லைம்களை வாங்கிச் சோதித்தது. அதில் 8 ஸ்லைம்களில் இந்தப் பொருள் அங்குள்ள வரம்பைத் தாண்டி இருந்தது. கடையில வாங்கினதே அப்படின்னா, அளவு தெரியாம பிள்ளை கரண்டியால அள்ளிப் போட்டா எப்படி இருக்கும்?

இன்னொரு ஏமாத்தும் இருக்குது. "வெண்காரம் இல்லாத ஸ்லைம்"னு சில வீடியோவுல போடுவாங்க. அதுல கண் லென்ஸ் கழுவற தண்ணியை ஊத்துவாங்க. அந்தத் தண்ணிக்குள்ளயே அதே வகைப் பொருள் இருக்கறதாலதான் பசை இறுகுது. பேரு மாறுது, சரக்கு அதேதான்.

அப்போ பிள்ளைங்களைத் திட்டி நிறுத்திடலாமா? கூடாதுன்னு நான் சொல்றேன். பிள்ளை போனைக் கீழே வெச்சுட்டு, கையால ஒண்ணு செய்யணும்னு ஆசைப்படுது. அது நல்ல ஆசை. நாம செய்ய வேண்டியது, சாமானை மாத்தறதும், பக்கத்துல உட்கார்றதும் தான். ரெண்டு முறை சொல்றேன்.

முதல் முறைக்கு அடுப்பே வேண்டாம். கடையில கிடைக்கிற கார்ன்ஃப்ளவர் மாவு ரெண்டு டம்ளர், தண்ணி ஒரு டம்ளர். தண்ணியை ஒரேயடியா ஊத்தாம, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கையால கலக்கச் சொல்லுங்க. விரலை மெதுவா விட்டா தண்ணி மாதிரி உள்ள இறங்கும். கையை மடக்கி ஒரு குத்து விட்டா கல்லு மாதிரி நிக்கும். உருட்டிக்கிட்டே இருந்தா உருண்டை, நிறுத்தினா விரல் சந்துல வழிஞ்சிடும். ஏன்? மாவுத் துகளெல்லாம் தண்ணியில மிதந்துட்டு இருக்குது. மெதுவா தள்ளினா ஒண்ணுக்கொண்ணு விலகி வழி விடும். திடீர்னு அடிச்சா விலக நேரம் இல்லாம ஒண்ணோட ஒண்ணு முட்டி நின்னுடும். சந்தையில கூட்டத்துக்குள்ள மெதுவா நுழைஞ்சா போயிடலாம், ஓடினா முட்டிக்குவோம் இல்லையா, அது மாதிரி. மைதாவில் இது வராது, பிசுபிசுன்னு ஒட்டிக்கும். அதையும் செஞ்சு பார்த்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

ரெண்டாவது முறை, இழுக்கிற ஸ்லைம். மருந்துக் கடையில மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற இசப்கோல் ஒரு மேசைக்கரண்டி, தண்ணி ஒரு டம்ளர். கலந்து சின்னத் தீயில வெச்சு, களி கிண்டற மாதிரி விடாம கிண்டணும். அஞ்சு நிமிஷத்துல கெட்டியாகும். இது பெரியவங்க வேலை, பிள்ளை எட்டி நிக்கட்டும். நல்லா ஆறின பிறகு கையில கொடுங்க. கெட்டி போதலைன்னா மறுபடியும் அடுப்புல வைக்கலாம். நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சளோ, பீட்ரூட் சாறோ போதும். ஒரு எச்சரிக்கை: இசப்கோலை வெறும் தூளா வாயில போட விடாதீங்க. தண்ணி பட்டா ஊதிப் பெருக்கும், தொண்டையில அடைச்சிக்கும்.

எந்த முறையா இருந்தாலும் சில கட்டுப்பாடு வேணும். மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கையில தனியா கொடுக்காதீங்க. விளையாடி முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். மிச்சத்தைத் தண்ணிக் குழாய்த் தொட்டியில கொட்டாதீங்க, அடைச்சிக்கும். இசப்கோல் ஸ்லைமை ரெண்டு நாளைக்கு மேல வைக்காதீங்க, ஊசிப் போயிடும். பிள்ளை வெண்காரமோ போரிக் பவுடரோ முழுங்கிட்டா, விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்தப் பொட்டலத்தையும் கையில எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, இல்லன்னா 108க்குப் போன் போடுங்க.

ஒரு பாட்டியம்மா என்கிட்ட கேட்டாங்க: "ராகி விளையாத வருஷத்தைப் பார்த்தவங்க நாங்க. மாவை விளையாட்டுக்குக் கொட்டலாமாம்மா?" நியாயமான கேள்வி. கார்ன்ஃப்ளவர் கலவையை ஒரு தட்டுல ஊத்தி வெயில்ல வெச்சா தண்ணி வத்தி மறுபடியும் மாவாயிடும். பொடிச்சு டப்பாவுல போட்டு, விளையாட்டு மாவுன்னு எழுதி வெச்சுட்டா அடுத்த வாரமும் அதே மாவு தான். ஒரு தடவை வாங்கினது பல வாரம் வரும். சமையலுக்கு மட்டும் திரும்ப எடுக்காதீங்க.

இதுல பிள்ளைக்கு என்ன லாபம்? நம்ம பக்கம் கன்னடம் பேசற வீடு இருக்குது, தெலுங்கு பேசற வீடு இருக்குது, தமிழ் பேசற வீடு இருக்குது. பள்ளிக்கூடத்துல பாடம் தமிழ்ல. 2021இல் கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, சாயங்காலம் பிள்ளைங்களை உட்கார வெச்சப்போ நான் பார்த்தது இது: புத்தகத்தைத் திறந்தா வாயை மூடிக்கிற பிள்ளை, கையில மாவைக் கொடுத்தா பேசுது. வீட்டுல "கட்டி"ங்கற பிள்ளை "கெட்டி"ங்கற சொல்லைப் பிடிச்சிக்குது. "நீரு" எவ்வளவு ஊத்தினோம், "தண்ணி" எவ்வளவு ஊத்தினோம்னு ரெண்டு மொழியிலயும் கணக்குச் சொல்லுது. ரெண்டுக்கு ஒண்ணு, நாலுக்கு ரெண்டுன்னு விகிதம் புரிஞ்சிடுது. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்களா இருந்தாலும், இந்தப் பாடத்தை நடத்தலாம். களி பதம் தெரிஞ்ச கைக்கு இதுக்கு மேல படிப்பு வேண்டாம்.

ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போற தங்கச்சிங்க, "எங்களுக்கு நேரம் எங்கே அக்கா?"ன்னு கேப்பீங்க. தினமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். உங்களால முடியாத வாரம், குழுவுல ஒருத்தங்க வீட்டுத் திண்ணையில எல்லாப் பிள்ளைங்களையும் உட்கார வெக்கலாம். முறை போட்டுக்கிட்டா யாருக்கும் பாரம் இல்லை.

இப்போ வியாபாரக் கேள்வி. ஸ்லைம் செஞ்சு விக்கலாமா? என் பதில், வேண்டாம். மத்திய அரசின் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் செய்யவும் விற்கவும் கூடாது. கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. ஆனா பசையும் வெண்காரமும் கலக்கறது கைவினை ஆகாது. 2016ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயச் சட்டத்தில், முதல் தடவைக்கே 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று எழுதியிருக்கிறது. மாசாமாசம் சேர்த்த சேமிப்பு ஒரே நாள்ல போயிடும். அதை விட, நாம வித்த டப்பாவால இன்னொரு தாயோட பிள்ளைக்கு ஏதாவது ஆனா, எந்த முகத்தோட கூட்டத்துல உட்காருவோம்?

சகோதரிகளே, மகளிர் திட்டம் என்கிற இந்தப் பெரிய மரத்துக்கு 1989இல் விதை போட்டது நம்ம மண்ணிலதான். அப்போ கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, தர்மபுரியோட இருந்தோம். அந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான் முதல் குழுக்கள் ஆரம்பிச்சாங்க. ஒரு ரூபாயா இருந்தாலும் எங்கிருந்து வந்தது, எங்கே போச்சுன்னு நோட்டுல எழுதக் கத்துக்கிட்டோம். பிள்ளை கையில இருக்கிற பொருளுக்கும் அதே கேள்வியைக் கேப்போம்: இது எதுல செஞ்சது, எங்கிருந்து வந்தது?

அதனால ரெண்டு தீர்மானத்தை உங்க முன்னாடி வைக்கிறேன். ஸ்லைம் தொழிலுக்குக் குழுப் பணத்தை எடுக்கறதில்லை. ஒவ்வொரு குழுவும் மாதத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைங்களோட உட்கார்ந்து மாவும் தண்ணியும் வெச்சு விளையாடறது. சம்மதம்னா அடுத்த கூட்டத்துல தீர்மான நோட்டுல ஏத்திடுங்க.