கண்ணுக்கு மட்டுமா அகப்பக்கம்?



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து நடைபாதைகளில் மஞ்சள் நிற ஓடுகள் மேடு தட்டிப் பதிக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஓடுகள் அழகுக்குப் போட்டவை அல்ல. கைத்தடியும் காலும் தடவித் தெரிந்துகொள்ளும் பாதை அது. அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்தால் பாதை அங்கேயே அறுந்துவிடும். இணையத்திலும் அப்படிப்பட்ட பாதை ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாததால், மறித்து நிற்பவருக்கே தாம் மறிக்கிறோம் என்பது தெரிவதில்லை.

பார்வையற்றவர்களுக்குக் கணினி எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருள் வந்து பல காலமாகிவிட்டது. அதே எழுத்தைப் பிரெய்லி புள்ளிகளாக மாற்றி, விரலுக்கடியில் ஊசிமுனைகள் எழும்பி இறங்கக் காட்டும் கருவியும் உண்டு. இவை இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எழுத்து. படத்தைப் பார்த்து வாசிக்க அவற்றுக்குக் கண் இல்லை. ஆகவே அகப்பக்கத்தில் ஒரு படத்தைப் போடுகிறவர், அதன் பின்னால் ஒரு சிறு விளக்க வரியையும் எழுதி வைக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், கேட்பவரின் காதில் “படம்” என்ற ஒரு சொல்லோ, எண்ணும் எழுத்துமாக ஒரு கோப்புப் பெயரோதான் விழும்.

இந்தச் சிறு வரிக்காக ஒருவர் வழக்காடினார் என்றால் நம்புவீர்களா? புரூஸ் மெக்குவாயர் என்ற ஆஸ்திரேலியர் பார்வையற்றவர். பிரெய்லி கருவி வழியாகக் கணினியை நன்றாகவே கையாளத் தெரிந்தவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிக்காக ஏற்பாட்டுக் குழு நடத்திய அகப்பக்கத்தை அவரால் படிக்க முடியவில்லை. படங்களுக்கு விளக்கம் இல்லை. போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழியில்லை. 1999 ஜூன் மாதம், அந்நாட்டின் மனித உரிமை, சம வாய்ப்பு ஆணையத்திடம் அவர் புகார் செய்தார். 1992ஆம் ஆண்டின் உடற்குறைப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அவர் கையில் இருந்தது.

ஏற்பாட்டுக் குழு சொன்ன பதில் கேட்கத்தக்கது. முடிவு அட்டவணைகளுக்கு 1,295 மாதிரிப் பக்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் திருத்த இரண்டு மணி நேரம் ஆகும்.  இருபது லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவாகும் என்றது. பெரிய எண்களை அடுக்கினால் எதிராளி மலைத்துப் போவார் என்று நினைத்தார்கள் போலும்! ஆனால் மெக்குவாயர் தரப்பில் வந்த வல்லுநர்கள் மலைக்கவில்லை. மாதிரிப் பக்கங்களின் எண்ணிக்கை அவ்வளவு இராது, ஒன்றுக்கு இரண்டு மணி நேரமும் தேவையில்லை, சில வாரங்களில் முடிகிற வேலை இது என்று சாட்சியம் சொன்னார்கள். தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் இந்தக் கணக்கே எழுந்திராது என்பதுதான் இதில் உள்ள உண்மை. கட்டி முடித்த வீட்டின் சுவரை இடித்துக் குழாய் பதிப்பதற்கும், கட்டும்போதே பதிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

2000 ஆகஸ்டு 24ஆம் நாள் ஆணையம் மெக்குவாயருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. செப்டம்பர் 15க்குள் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றது. அன்றுதான் போட்டியின் தொடக்க விழா. குழு முழுமையாகத் திருத்தவில்லை. போட்டி முடிந்து வீரர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, நவம்பர் மாதம், அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவானது. வழக்கில் வென்றாலும், தம் நாட்டில் நடந்த ஒலிம்பிக்கின் முடிவுகளை மற்றவர்களைப் போல அந்த அகப்பக்கத்தில் படிக்கும் வாய்ப்பு அவருக்குத் திரும்ப வரப்போவதில்லை.

பின்னர் மற்ற நாடுகளிலும் இத்தகைய வழக்குகள் வந்தன. அமெரிக்காவில் டார்கெட் என்ற பேரங்காடி நிறுவனம் 2008இல் அறுபது லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைய வணிகம், வங்கிச் சேவை உள்ளிட்டவற்றுக்கு 2025 ஜூன் 28 முதல் இது சட்டக் கடமையாகிவிட்டது.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம் இயற்றப்பட்டது. தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பெறும் உரிமை அதன் 30ஆவது பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், மீறுவோருக்கு என்ன தண்டனை என்று அன்று இயற்றிய சட்டத்தில் எழுதப்படவில்லை. உரிமை இருக்கிறது, கேட்டு வாங்கக் கைப்பிடி இல்லை. சிட்னிக்காரருக்கு இருந்த வசதி அதுதான்.

தமிழுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழ் அகப்பக்கங்கள் பலவும் தத்தம் எழுத்துருவில் வந்துகொண்டிருந்தன. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம். படித்துக் காட்டும் மென்பொருள் அந்தக் குழப்பத்தைத்தான் படிக்கும். யூனிகோடு வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள் இன்று தமிழையும் வாசிக்கிறது. அவரும் அவருடன் சேர்ந்து உழைத்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இப்போது மாணவர் ஒருவர் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் பழைய தொல்லை வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. கோயில் திருவிழா அறிவிப்பு, கல்வி நிதி உதவிக்கு மனுச் செய்யும் நாள், இரங்கல் செய்தி எல்லாமே இப்போது வண்ணப் படமாக வருகின்றன. எழுத்தெல்லாம் படத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மனுச் செய்யக் கடைசி நாள் எது என்பதைப் பார்வையற்ற மாணவர் பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. படத்தின் கீழே அதே செய்தியை நான்கு வரியில் தட்டச்சு செய்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

மலேசியாவுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. ஒரே பக்கத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வரும். எந்தப் பகுதி எந்த மொழி என்று பக்கத்துக்குள் குறித்து வைக்காவிட்டால், ஆங்கிலக் குரல் மலாய்ச் சொற்களைத் தன் போக்கில் கடித்துத் துப்பும்.

இது பார்வையற்றோருக்கு மட்டுமான பேச்சு என்றும் எண்ண வேண்டாம். காது கேளாதவருக்குக் காணொளியின் அடியில் எழுத்து வேண்டும். தொலைக்காட்சிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இது. கை நடுங்குபவரால் மவுஸைப் பிடிக்க முடியாது. விசைப்பலகையாலேயே எல்லாம் நடக்க வேண்டும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவரிடம் “சிவப்பில் உள்ளதை நிரப்பவும்” என்றால் அவர் எதை நிரப்புவார்? வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைத் தாளில் போடும் இன்றைய நாகரிகம், மூக்குக் கண்ணாடி போட்ட நம் வீட்டுப் பெரியவர்களையும்தான் வெளியே நிறுத்துகிறது.

சங்கத்துக்கோ கடைக்கோ அகப்பக்கம் வைத்திருப்பவர்கள் இன்று மாலையே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மவுஸைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வையுங்கள். விசைப்பலகையை மட்டும் பயன்படுத்தி, உங்கள் பக்கத்தில் உள்ள தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, என்.வி.டி.ஏ.வை இயக்கி, அதையே இன்னொரு முறை செய்யுங்கள். எந்த இடத்தில் சிக்கி நின்றீர்களோ, அந்த இடத்தைத் தாளில் குறித்து, பக்கத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் கொண்டு போய்க் கொடுங்கள்.